டேங்கர் ஓட்டுநரின் ஓய்வு நேரத்துக்கும் சம்பளம் வேண்டும்

மலேசியப் போக்குவரத்து அமைச்சுக்கு,

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பிறை தொழிற்பேட்டைக்கு ரசாயனம் ஏற்றிய டேங்கர் லோரி ஓட்டியே பதினெட்டு வருஷம் போய்விட்டது. இப்போது என் தம்பி மகனும் அதே வேலைக்குப் போகிறான். அவனை நினைத்துத்தான் இந்த மடல்.

2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் கனரக வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினீர்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் எங்களில் பலருக்கு இன்னும் ட்ரிப் கணக்கில்தான் பணம். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், மீதியெல்லாம் ட்ரிப். மெதுவாக ஓட்டியும் மாதக் கடைசியில் அதே பணம் வீட்டுக்கு வரவேண்டும் என்றால் ஓட்டுநர் எதில் கைவைப்பார்? தூக்கத்தில். அப்புறம், கிளம்புமுன் வண்டியைச் சுற்றிப் பார்க்கிற அந்தக் கால் மணி நேரத்தில்.

அந்தக் கால் மணி நேரம் சும்மா இல்லை. வால்வு இறுகியிருக்கிறதா, மேல் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, குழாய் முனையில் ஈரம் தெரிகிறதா, வண்டியில் மாட்டியிருக்கிற ஆபத்துப் பலகையில் உள்ள எண் உள்ளே இருக்கிற சரக்குக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். 1203 என்றால் பெட்ரோல், 1830 என்றால் கந்தக அமிலம். வண்டி கவிழ்ந்தால் பொம்பாக்காரர்கள் (தீயணைப்பு வீரர்கள்) முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். நேற்றைய லோடின் எண் இன்றும் தொங்கினால் அவர்கள் உயிருக்கும் ஆபத்து.

பாதி நிரம்பிய டேங்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவில் திரும்பினால் உள்ளே இருப்பது ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். பிரேக் போட்டால் அலை மாதிரி முன்னால் வந்து இடிக்கும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவனால் அந்த அசைவைக் கணிக்க முடியாது.

ஒருமுறை ஒரு தொழிற்சாலை வாசலில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். இறக்கி முடித்த அவசரத்தில் கையுறை போடாமல் குழாயைக் கழற்றினேன். உள்ளே தங்கியிருந்த அமிலம் முழங்கையில் வழிந்தது. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினேன், அது எந்த மூலைக்கு? வேறொரு லோரி அண்ணன்தான் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், "கையை எடுக்காதே தம்பி" என்று இருபது நிமிஷம் பிடித்தபடியே நின்றார். தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று காத்திருந்த நேரத்துக்கு எனக்கு ஒரு சென்கூட கிடையாது. அடுத்த ட்ரிப்பைப் பிடித்தால்தான் காசு. அவசரப்பட்டது அதனால்தான்.

ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தாளில் பதினாறு பகுதிகள் இருக்கின்றன. அதைப் படிக்கவும் நேரம் வேண்டும் அல்லவா?

லோரி கம்பெனிகளுக்கு உரிமம் தரும் அப்பாட் (APAD) நிறுவனம் உங்கள் அமைச்சின் கீழ்தான் இருக்கிறது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு ட்ரிப் சம்பளம் கூடாது, காத்திருப்பு, பரிசோதனை, ஓய்வு எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கில் கூலி உண்டு என்பதை உரிம நிபந்தனையாக்குங்கள். கம்பெனிக்குச் செலவு கூடும், உண்மைதான். அதைச் சரக்கு அனுப்புகிற தொழிற்சாலைகளும் பகிர்ந்துகொள்ளட்டும்.

நாளை விடிகாலை மூன்று மணிக்கு என் தம்பி மகன் கிள்ளானுக்கு லோடு கொண்டுபோகிறான். கண் சொக்கினால் தாப்பாவில் நிறுத்தி ஒரு மணி நேரம் படு என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவனுக்குக் கூலி உண்டு என்று நீங்கள் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் டேங்கர் ஓட்டுநர் ஒருவர்