முழுக் கதையா, முதல் பாகமா? அறிவிக்கும்போதே சொல்லிவிடுங்கள்

பழைய வீடியோ கேம்களைப் பெரும் செலவில் மறுபடி உருவாக்கும் ஸ்டூடியோக்களுக்கும், அவற்றை வெளியிடும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம். ரீமேக் வர ஏன் இத்தனை வருஷம் என்று சண்டை போட இதை எழுதவில்லை. காரணம் ஓரளவு தெரிந்ததுதான். 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7-இல் பெரும்பாலான இடங்கள் முன்கூட்டியே உருவாக்கி வைத்த பின்னணிப் படங்கள். ஒரே கோணம், அதன்மேல் சின்னச் சின்ன உருவங்கள் நடக்கும். குரல் கிடையாது, பேச்சு முழுக்க எழுத்தில்தான். அதே தெருவை இன்று செய்தால் கேமரா எந்தப் பக்கமும் திரும்பும். அன்று படத்துக்கு வெளியே இருந்த சுவர், கூரை, பின்சந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியாக வேண்டும். வழியில் நிற்பவர் இரண்டு வரி பேசினாலும் அதற்கு நடிகர் வேண்டும், உதட்டசைவு வேண்டும், அப்புறம் பல மொழிகளில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். உலக வரைபடம் இன்னும் வேடிக்கை. மூலத்தில் நாயகன் மலைக்குச் சமமாக நின்றபடி கண்டத்தையே கடந்துபோவான். நாமும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைய காட்சித் தரத்தில் அது எடுபடாது, நிலம் நிஜமாகவே விரிந்து கிடக்க வேண்டும்.

ஆக, 2015 ஜூனில் அறிவித்த ரீமேக் 2020 ஏப்ரலில் வந்ததிலோ, அது மிட்கார் நகரத்தோடு நின்றதிலோ எனக்குக் குறை இல்லை. மூலத்தில் சில மணி நேரத்தில் தாண்டிவிடும் நகரம் அது. ரீமேக்கில் ஜெஸ்ஸி என்ற துணைக் கதாபாத்திரத்தின் வீடு வரைக்கும் போய்ப் பார்க்க முடிந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. குறை வேறு. இது பல பாகங்களாக வரும் என்று 2015 முடிவதற்குள் சொல்லியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் விற்பனைக்கு வந்த கேமின் பெயரில் 'பாகம் 1' என்று ஒரு சொல் இல்லை. செய்திகளைத் தொடர்ந்து படிக்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்கியவர், முழுக் கதையும் இருக்கிறது என்றுதானே நினைத்திருப்பார்? இரண்டாம் பாகம் வர 2024 பிப்ரவரி ஆனது. கதை முடிவது மூன்றாவதில்தான்.

சீக்கிரம் வந்துவிட்டால் மட்டும் சரியாகிவிடுமா? ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக் 2019 ஜனவரியில் வந்தது. அதே தொடரின் மூன்றாவது கேமுடைய ரீமேக் அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே வந்தது. ஆனால் 1999 மூலத்தில் உள்ளே நுழைந்து சுற்றிய மணிக்கூண்டு, ரீமேக்கில் வெளியே நின்று சண்டை போடும் இடமாகச் சுருங்கிவிட்டது. நெருக்கடியில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும் காணோம். மூலத்தில் கூடுதலாக இருந்த மெர்சினரிஸ் என்ற விளையாட்டு முறையும் இல்லை, கூடவே ஒரு ஆன்லைன் கேம் வந்தது, அதை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

வெட்டுவது பாவம் அல்ல. மூலத்தில் சலிப்பூட்டிய பகுதிகளும் உண்டு, அவை போனால் நல்லதுதான். ஆனால் பழைய பதிப்பின் டிஸ்க்கிலேயே இருந்ததைத் தனி விலைக்கு விற்பதை ஏற்க முடியவில்லை. ரெசிடென்ட் ஈவில் 4-இன் 2005 பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் 'செப்பரேட் வேஸ்' என்ற கூடுதல் கதைப் பகுதி சேர்ந்தே வந்தது. 2023 ரீமேக்கில் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதன் தரம் நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. தனியாக வரும் என்பதை ரீமேக்கை விற்கும்போதே சொல்லியிருக்கலாமே.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. முன்பதிவு தொடங்கும் நாளிலேயே, மூலக் கதை எந்த இடம் வரை இதில் வருகிறது, மொத்தம் எத்தனை பாகம், மூலத்தில் இருந்த எந்தெந்தப் பகுதிகள் இல்லை, எவை பின்னால் டிஎல்சியாக, அதாவது தனியாகத் தரவிறக்கும் கூடுதல் பகுதியாக, வரும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கதை ரகசியம் உடையும் என்று சொல்லாதீர்கள். மூலம் வெளிவந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாகங்களின் எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், காத்திருந்து வாங்குவதா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூலத்தையும் ரீமேக்கையும் இரண்டையும் வாங்கும் ஒருவன்