சிறகு முளைத்த குதிரை

ஐயா,

மந்திரவாதியும் டிராகனும் வரும் படங்களை முஸ்லிம் பிள்ளைகள் பார்க்கலாமா என்ற பேச்சு, பள்ளி விடுமுறை வந்தாலே எங்கள் தெருவில் கிளம்பிவிடுகிறது. எடுத்த எடுப்பில் 'ஹராம்' என்று சொல்லிவிடுகிறவர்கள் அபூதாவூத் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியைப் பார்க்க வேண்டும். நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணியில் செய்த இரண்டு சிறகுகளோடு ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப்பல் தெரிய நபியவர்கள் சிரித்தார்கள். பொம்மையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

குர்ஆனில் லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் வீண் பேச்சைக் கண்டிக்கிறதே என்பார்கள். சரி, கண்டிக்கிறது. ஆனால் அல்லாஹ்வின் பாதையிலிருந்து மக்களை வழிகெடுப்பதற்காக அதை வாங்குகிறவர்களைப் பற்றித்தான் அந்த வசனம் பேசுகிறது. பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) ஏனோ இந்தப் பாதி விழுந்துவிடுகிறது. கிஸ்ஸா (கதை), படைப்போர் (போர்க் காவியம்) என்று தமிழில் பாடிவைத்த நம் முன்னோர்களும் வீரதீரக் கற்பனையில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

சூனியம் செய்வது பெரும்பாவம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் செய்வினை எடுக்கிறேன் என்பவரிடம் காசைக் கொட்டும் பெரியவர்களை யாரும் கேட்பதில்லை, கார்ட்டூன் பார்க்கும் பையன்தான் மாட்டிக்கொள்கிறான். விடிய விடியப் பார்த்துவிட்டு அதிகாலை ஃபஜ்ர் தொழுகையைத் தவறவிட்டால் தாராளமாகத் திட்டுங்கள், அது வேறு விஷயம்.

– வாசகி, மேலப்பாளையம்