சொதியை மட்டும் அன்றன்று வை

திருகோணமலை,
நவம்பர் மாதம், மழை நாள்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து பெட்டி, ஒவ்வொன்றிலும் சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, வெள்ளிக்கிழமைப் பெட்டி தவிர மற்றவற்றில் மீன்குழம்பு. வெள்ளி வரைக்கும் சமையல் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாய். அப்பா பார்த்துவிட்டு "கெட்டிக்காரன்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். கடைச் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் நீயே சமைக்கிறாய் என்பதே பெரிய ஆறுதல். ஆனால் சொதி இருந்த மூலையில் தண்ணீர் ஒரு பக்கமும் வெள்ளைக் கட்டி ஒரு பக்கமுமாக நின்றதைப் பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை.

"ஏனம்மா திரையுது?" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. நீ ஒஸ்லோவில் அடுப்பு மூட்டுகிற மாலை ஆறு மணிக்கு இங்கே இரவு பத்தரை. எனக்கு நித்திரை வந்துவிடும், பாதி சொல்லிப் பாதி விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். குசினிச் சுவரில் ஒட்டி வை.

முதலில் ஒன்று. உன் குழம்பைப் பற்றி எனக்குக் குறை இல்லை. பழப்புளியும் உப்பும் தூளும் சேர்ந்த மீன்குழம்பு மறுநாள்தான் ருசி, புளி மீனுக்குள் இறங்க ஒரு இரவு வேண்டும். பள்ளிக்கூடம் போகமுன் நேற்றைய சூடைக்குழம்பைத் தொட்டுப் பாண் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை நீ, உனக்குத் தெரியாததா. பருப்பையும் பெட்டியில் போடு, சோற்றையும் போடு. சொதி மட்டும் அந்தச் சேர்த்தியில் வராது. அதை அன்றன்று வைத்து அன்றன்று குடித்து முடிக்க வேண்டும். கிழமையில் ஐந்து நாளும் பழைய சாப்பாடு என்றாலும் பக்கத்தில் ஒன்று சுடச்சுட இருந்தால் போதும், முழுச் சாப்பாடும் புதிதாகிவிடும். உன்னிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

ஏன் திரைகிறது என்று கேட்டாய் அல்லவா. தேங்காய்ப்பாலில் இருப்பது எண்ணெயும் தண்ணீரும். அவை பிரிந்து போகாமல் பிடித்து வைத்திருப்பது தேங்காயில் உள்ள புரதம். பாலைக் கடுமையாகக் கொதிக்கவிட்டால் அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகி, எண்ணெயைக் கைவிட்டுவிடும். புளி பட்டால் இன்னும் சீக்கிரம் இறுகும். நீ தேசிப்புளி விட்ட சொதியை உறையவைத்து, மறுபடி மைக்ரோவேவில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குகிறாய். புளியும் சூடும் ஒன்றாகச் சேர்ந்து அடித்தால் எந்தப் பாலும் தாங்காது.

சரி, இனிச் செய்முறை. தமிழ்க் கடையில் உறைந்த தேங்காய்த்துருவல் வாங்குவதாகச் சொன்னாய். அதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழி. முதலில் கெட்டியாக வருகிறதே, அதுதான் முதற்பால். கிண்ணத்தில் எடுத்து மூடி வை. சக்கைக்கு இன்னும் இரண்டு தரம் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் கப்பிப்பால். துருவல் இல்லாத நாளில் கால் டின் பாலை இரண்டு கோப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது கப்பிப்பால், இன்னொரு கால் டின் முதற்பால். டின் பாலில் பசை மாதிரி ஏதோ சேர்க்கிறார்கள், அதனால் சுலபத்தில் திரையாது. ஆனால் தேங்காய் வாசம் எழும்பாது. அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்.

சட்டியில் கப்பிப்பாலை விட்டு, அதில் சின்ன வெங்காயம் ஆறேழு, கீறிய பச்சைமிளகாய் மூன்று, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள், அளவாக உப்பு. மஞ்சள் கூடினால் கைக்கும், கவனம். இந்தப் பாலில் எண்ணெய் குறைவு, ஆகவே நன்றாகக் கொதித்தாலும் பயமில்லை. வெந்தயம் ஊதி, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகட்டும். மீன் போடுவதென்றால் இப்போதே போட்டு அவியவிடு.

பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு முதற்பாலை விடு. இனி அந்த இடத்தைவிட்டு நகராதே. கைத்தொலைபேசி அடித்தாலும் எடுக்காதே, நான் அழைத்தாலும்தான். அகப்பையால் அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றிக்கொண்டே இரு. முதலில் சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்ன முத்தாக நுரை கட்டும், நடுவில் பால் அசையாமல் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த நுரை நடுவை நோக்கி நகரும். பச்சைத் தேங்காய் வாசம் மாறி ஒரு இனிப்பு வாசம் வரும், பால் மெல்ல மேலே எழும்பப் பார்க்கும். அந்த நேரம்தான். உடனே அடுப்பை நிறுத்திச் சட்டியை இறக்கிவிடு, பொங்கவிடாதே. ஆவி அடங்கி, சட்டியைத் துணி இல்லாமல் தொடலாம் என்ற அளவுக்கு ஆறிய பிறகு அரைத் தேசிக்காயைப் பிழி. புளி விட்ட சொதியை மறுபடி அடுப்பில் ஏற்றக்கூடாது. அடுப்பு வேலை மொத்தமும் இருபது நிமிஷம். சோறு மைக்ரோவேவில் சூடாகிற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதை நான் அம்மம்மாவிடம் படித்தேன். மூதூர்ப் பக்கம் பிறந்தவ, சொதி என்று சொல்லமாட்டா, "ஆணம்" என்பா. 1990 ஆனி மாதம் சண்டை தொடங்கி ஊர் கலைந்தபோது நாங்கள் ஒரு கோயில் மண்டபத்தில் இருந்தோம். நிவாரண அரிசியும் பருப்பும் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. யாரோ கொடுத்த அரைத் தேங்காயை அம்மம்மா எட்டுப் பேருக்குச் சொதி ஆக்கினா. முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, நாலாவது தரமும் தண்ணீர் விட்டா. அந்தப் பாலுக்குப் பெயர்கூட இல்லை, பச்சைத்தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் கடைசியில் ஒரு கரண்டி முதற்பாலை மேலே விட்டு இறக்கினா. நாலைந்து நாள் வெறும் பருப்பைத் தின்ற நாக்கில் அந்தச் சொதி பட்டதை இன்றைக்கும் மறக்கவில்லை. அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

சுனாமியின்போது உனக்கு ஏழு வயது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பல கிழமை ஊரில் மீன் வாங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடலைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்த நாள்கள் அவை. அந்த நாளெல்லாம் வீட்டில் வெறும் சொதியும் சம்பலும்தான். நீ முகம் சுளிக்காமல் குடித்தாய். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்து, முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்ததும் நினைவிருக்கும். ஈர விறகுக்கு ஊதி ஊதி உன் கண் சிவந்தது. அந்தப் புகைக்குள்ளும் சொதி திரையவில்லை, ஏனென்றால் விறகை வெளியே இழுத்து நெருப்பைக் குறைக்க நீதான் பக்கத்தில் நின்றாய். பார், அடுப்படிப் பழக்கம் உனக்கு இல்லாமல் இல்லை. 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது அப்பா, "இனிச் சொதி ஒன்றுவிட்ட நாள் போதும்" என்றார். நான் கேட்கவில்லை. அரை மூடியைத் திருவி, சக்கை வெளுக்கும்வரை பிழிந்து வைத்தேன்.

இப்போது மீன் விஷயம். நீ சொன்ன ஹெர்ரிங், அங்கே "சில்ட்" என்கிறார்களாமே, அது நம் சூடை, கீரி குடும்பத்து மீன். மக்ரெல் நம் கும்பிளாவுக்குச் சொந்தம். இரண்டும் எண்ணெய் மீன். புளிக்குழம்புக்கும் பொரியலுக்கும் நல்லது, சொதிக்கு ஆகாது, பாலின் வாசத்தை அமுக்கிவிடும். சாமன் மீனும் அப்படித்தான். நீ அதைச் சொதிக்குப் போட்டாய் என்று கேள்விப்பட்டு எனக்குக் கவலையாகிவிட்டது. அந்த வெள்ளை மீன் இருக்கிறதே, தொர்ஸ்க், அதுதான் சொதிக்கு ஏற்றது. தலை கிடைத்தால் விடாதே. செவுளை முழுக்க எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவிப் போடு. இங்கே விளைமீன் தலைக்கு நானும் மீன்காரத் தம்பியும் எவ்வளவு நேரம் பேரம் பேசுவோம் என்று உனக்குத் தெரியும். அங்கே தலையை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், வாசிக்க ஆச்சரியமாக இருந்தது.

இங்கே இப்போது மீன் இல்லை. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, கடல் கொந்தளிக்கிறது, வள்ளங்கள் கரையில் கவிழ்த்துக் கிடக்கின்றன. கச்சான் காற்றுக் காலத்தில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு அப்பா விடிய எழும்பிப் பையோடு போய்த் துள்ளத் துள்ளச் சூடை வாங்கி வருவாரே, அதற்கு இனி அடுத்த வருஷம்தான். மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தாலும் பெட்டியில் பாதி ஐஸ்தான், விலையோ கேட்கவே வேண்டாம். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்து, பாறணையும் முடிந்தது. ஆனாலும் மீன் சமைக்கிற மச்சச்சட்டி இன்னும் பரணில்தான். கருவாடு கொஞ்சம் இருக்கிறது. கிண்ணியாவிலிருந்து எருமைத்தயிர் வருகிறது. பாலம் வந்த பிறகு தயிர்க்காரர் எட்டு மணிக்கே வாசலில் நிற்கிறார். முன்பு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்து வர வேண்டும், அது வரும்வரை காத்திருக்க வேண்டும், தயிரும் தாமதமாகத்தான் வரும். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்பதால் இனிப்புப் பாணி இல்லாமல் கொடுக்கிறேன். அது அவருக்குப் பெரிய மனக்குறை. இரவில் குரக்கன் பிட்டு, அதற்கும் சொதி.

வெள்ளிக்கிழமையில் நீ மச்சம் சாப்பிடுவதில்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அங்கே தனியாக இருக்கிறவன் மரக்கறிக்கு வேறு சட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஒன்றையே நன்றாகக் கழுவிப் பயன்படுத்து. ஆனால் வெள்ளிச் சொதிக்கு முருங்கையிலை போடு. உறைந்தது கிடைக்கும். கடைசியாக, அடுப்பை நிறுத்தின பிறகு போட்டால் போதும், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். முன்னமே போட்டால் கறுத்துக் கைத்துப் போகும்.

ஒரு விஷயம் எழுதத்தான் வேண்டும். உன்னை நான் குசினிக்குள் விட்டதில்லை. அக்காவைக் கூப்பிட்டுத் தேங்காய் திருவச் சொன்னேன், உன்னைப் படிக்கப் போகச் சொன்னேன். பதினோராம் வகுப்பு ஓ/எல் சோதனைக்கு முந்தின வருஷம் நீ வந்து, "நான் திருவட்டா அம்மா" என்று திருவலையில் உட்கார்ந்தாய். "எழும்பு, இது உன் வேலை இல்லை" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளுடைய முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேருக்குமே நான் செய்தது பிழை. உன்னை அன்றைக்கே உட்காரவிட்டிருந்தால், இன்றைக்கு மூன்று மணி தாண்டினால் இருட்டிவிடுகிற ஊரில், வேலை முடிந்து களைத்து வந்து, ஒரு சட்டிச் சொதிக்கு நீ இவ்வளவு தடுமாறியிருக்கமாட்டாய். அக்காவிடமும் போன மாதம் இதைச் சொல்லிவிட்டேன். இப்போது அவளுடைய மகன்தான் எனக்குத் தேங்காய் திருவித் தருகிறான். பாதித் துருவல் அவனுடைய வாய்க்குள் போகிறது, போகட்டும்.

உனக்குக் கறித்தூள் அரைத்து வைத்திருக்கிறேன். ஒரு கிலோ செத்தல் மிளகாய், ஒரு கிலோ மல்லி, கால் கிலோ பெருஞ்சீரகம், மிளகும் சின்னச்சீரகமும் நூறு நூறு கிராம், வெந்தயம் ஐம்பது, கறிவேப்பிலை, மஞ்சள். மழை விட்ட இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, தனித்தனியாக வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்தேன். செத்தலை வறுத்த நேரம் பக்கத்து வீட்டிலும் தும்மல். முழுவதையும் உனக்கே அனுப்பவில்லை, அக்காவுக்கும் பங்கு. உன்னுடைய ஒரு கிலோவை மூன்று பையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒன்றை வெளியே வை, மற்ற இரண்டையும் குளிர்ப்பெட்டியில் வை, வாசம் போகாது. டிசம்பர் முதல் கிழமை நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அங்கே வருகிறது, அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். மண்சட்டியும் கேட்டிருந்தாய். அவர்களுடைய பெட்டியில் இடமில்லை, உடைந்தாலும் உடையும். அடிப்பாகம் கனமான சட்டி ஒன்றை அங்கேயே வாங்கு, அதில் பால் பதறாது.

திங்கட்கிழமை வேலையால் வந்து வைத்துப் பார். பெட்டிக்குள் அடைத்த படம் வேண்டாம். அடுப்பால் இறக்கியதும், ஆவி பறக்கச் சட்டியோடு எடுத்து அனுப்பு. நான் பத்தரைக்கும் முழித்திருக்கிறேன்.

அம்மா