உங்கள் குழுவின் பட்டியலைப் பார்த்தேன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பட்டியலும் வந்து சேர்ந்தன. வட்டாரச் சுற்றுலாக் குழுவின் ஏழு பேரும் தமக்குப் பிடித்த வெளிப்புறப் பொழுதுபோக்கை ஆளுக்கொன்றாக எழுதித் தந்திருப்பது நல்ல யோசனை. 'இயற்கை அன்னையின் மடியில்' என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, 'வடக்குச் சரிவில் காலை ஏழு மணிக்கு ஏறினால் பாதி வழி நிழல்' என்ற ஒரு வரி வெளியூர்க்காரருக்கு உதவும். ஆனாலும் இதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதே.

ஏழு பேருக்கும் அந்த இடங்கள் அளவுக்கு மீறிப் பழக்கம். சிக்கலே அதுதான். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் காலுக்கே தெரியும். அதனால் அது பட்டியலில் வராது. தாங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையே எல்லாருக்குமான நேரமாகவும் எழுதிவிடுவார்கள்.

முகட்டு நடையைப் பார். 'போய்வர 8 கி.மீ., 450 மீட்டர் ஏற்றம், ஒன்றரை மணி நேரம், எளிது' என்று போட்டிருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இங்கே தூரத்துக்கு 96 நிமிடம், ஏற்றத்துக்கு 45. ஆக 141 நிமிடம். அதுவும் நல்ல உடற்கட்டு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால். குழந்தை குட்டியோடு வரும் குடும்பத்துக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் மூன்றரை மணி நேரம். உன் ஆள் எழுதிய ஒன்றரை மணி நேரத்தில் அவர்களுக்குப் பாதி வழிகூட முடிந்திருக்காது.

அந்த 450 மீட்டர் எங்கிருந்து வந்தது என்றும் கேள். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசமாக இருந்தால் அது குறைவான எண். முகட்டுப் பாதை இடையில் இறங்கி மறுபடி ஏறும். அந்த ஏற்றங்களையும் கூட்ட வேண்டும். செல்போன் செயலி சொல்வதை நம்பினால் தவறு எதிர்ப்பக்கம் போகும். ஜிபிஎஸ் உயரம் நின்ற இடத்திலேயே சில மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், சில செயலிகள் அதையெல்லாம் ஏற்றமாகச் சேர்த்துவிடும். சமவுயரக் கோட்டு வரைபடத்தில் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோடாக இணைத்துக் காட்டுவது) ஏறுமுகமாகக் கடக்கும் கோடுகளை எண்ணி, அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான உயர வித்தியாசத்தால் பெருக்குவதே நம்பகமானது. பத்து நிமிட வேலைதான்.

பாதைக் குறிப்பைச் சரிபார்க்க ஒரு முறை உண்டு. அந்த வழியில் ஒரு நாளும் நடந்திராத ஒருவர் கையில் வரைவைக் கொடுத்து முன்னால் விடுங்கள். எழுதியவர் இருபதடி பின்னால், வாய் திறக்காமல் வர வேண்டும். இந்த நிபந்தனைதான் கடினம். உள்ளூர்க்காரருக்கு வழி சொல்லாமல் இருக்க முடியாது. முன்னால் போகிறவர் எங்கெல்லாம் தயங்கி நிற்கிறாரோ அங்கெல்லாம் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும், நடக்கும் திசையைப் பார்த்து ஒரு படமும் எடுக்க வேண்டும். திரும்பும்போதும் இதே வேலை. ஏறும்போது பின்னாலிருந்து வந்து சேரும் கிளைப்பாதை கண்ணிலேயே படாது. இறங்கும்போது அதே இடம் இரண்டாகப் பிரியும் கவையாக எதிரில் நிற்கும். களைப்பும் சேர்ந்து தவறான கிளையில் இறங்கிவிடுவார்கள். வழிதவறிய பலரும் இறங்கும்போதே தவறியிருப்பார்கள்.

'எளிது' என்ற சொல்லை எடுத்துவிடு. யாருக்கு எளிது? அதற்குப் பதிலாக, மிகச் செங்குத்தான பகுதி எத்தனை மீட்டர் நீளம், ஈரத்தில் வழுக்கும் பாறை எங்கே, ஒருபக்கம் பள்ளமாக உள்ள இடத்தில் பாதை எவ்வளவு அகலம், நடுவழியில் விட்டு இறங்க வழி உண்டா என்ற நான்கையும் எழுது. மிதமான வானிலையில் தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், நல்ல வெயிலில் அதைப்போல இரு மடங்கு. திரும்பும் நேரத்தைத் தனியாகப் போடு. சூரியன் 6.15-க்கு மறைகிறது என்றால் 5.15-க்கு வண்டி நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். இறங்க ஒன்றே முக்கால் மணி ஆகும் என்றால் 3.30-க்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும்தான்.

படகு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை. 'கயாக்கில் காற்றோடு மிதந்து போய் எதிர்க்கோடி பார்த்து வரலாம்' என்று எழுதியவர் நல்ல துடுப்புக்காரராக இருக்க வேண்டும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் அசையாத நீரில் மணிக்கு 4 கி.மீ. போவார் என்று வை. போக 3 கி.மீ., வர 3 கி.மீ., ஆக ஒன்றரை மணி. முதுகுப்பக்கக் காற்று மணிக்கு 2 கி.மீ. கூட்டினால் போவது அரை மணியில் முடிந்துவிடும், உற்சாகமாக இருக்கும். வரும்போது அதே காற்று 2 கி.மீ. குறைக்கும், கையில் மிஞ்சுவது 2. அந்த 3 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் தோள் ஓய்ந்த பிறகு. வெயில் ஏற ஏறக் காற்றும் வலுப்பது வழக்கம் என்பதால் உண்மையில் இதைவிட மோசமாகவே இருக்கும். ஆகவே கிளம்பும்போது எதிர்காற்றில் கிளம்பச் சொல். காலையிலேயே தண்ணீரில் இறங்கி, காற்று எழும் முன் கரை ஏறச் சொல்.

கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று இன்னும் பொல்லாதது. கரையோர மரமும் மேடும் மறைப்பதால் துறையில் நின்று பார்க்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஐம்பது நூறு மீட்டர் தள்ளிப் போனதும் காற்று படகை நடுநீரை நோக்கித் தள்ளத் தொடங்கும். எனவே துறையில் கிளையின் அசைவைப் பார்க்காமல் நடுநீரின் அலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வார்களை இறுக்கிய பின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். காதுவரை ஏறினால் அளவு பெரிது, நீரில் முகத்துக்கு மேலே போய்விடும். கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கரைக்கு நீந்தப் பார்க்கக் கூடாது. செல்போன் நீர் புகாத பையில், படகில் அல்லாமல் உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.

ஓடைக் குளியலுக்கு ஒரே எச்சரிக்கை போதும், ஆனால் கொட்டை எழுத்தில். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேல்மலையில் மழை பெய்தால் வெள்ளம் இங்கே வரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். துணியை எடுக்கக்கூட நிற்க வேண்டாம்.

'பௌர்ணமி இரவில் நட்சத்திரம் பார்த்தல்' என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். முழுநிலவு வெளிச்சத்தில் பால்வீதி தெரியாது. அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாட்கள் என்று மாற்று. நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுவதால் பௌர்ணமி கழிந்த நான்காம் நாளும் மோசமில்லை. அஸ்தமனத்துக்குப் பின் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகியே நிலா எழும், அதுவரை இருட்டுதான். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒருவர் செல்போன் திரையை நீட்டினால் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு டார்ச் மட்டும் அனுமதி. கார் கதவைத் திறந்ததும் எரியும் உள்விளக்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதை முன்கூட்டியே அணைக்கச் சொல். 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலம்) ஒன்று வாங்கினால் இரவுக்கும் விடியற்காலைப் பறவைகளுக்கும் ஆகும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மி.மீ., இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது ஏறத்தாழப் போதும்.

சைக்கிள் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்சாலை எத்தனை கிலோமீட்டர், எந்த டயர் தாங்கும் என்பதை மட்டும் சேர்.

பறவைக் கூடு இருக்கும் மரத்தையும் வௌவால் குகையையும் எடுத்துவிடு. உங்கள் குழுவுக்கு அவை உயிராக இருக்கலாம். அச்சில் வந்தால் ஒரு பருவம்கூடத் தாங்காது. மற்ற இடங்களிலும் வண்டி நிறுத்த எத்தனை இடம் என்று முதலில் எண்ணு. ஐந்து கார் நிற்கும் இடத்துக்கு ஐம்பது காரை அழைத்தால் மீதி நாற்பத்தைந்தும் யாருடைய வயல் வாசலையாவது அடைத்துக்கொண்டு நிற்கும்.

திருத்திய பட்டியலுக்கு அவசரமில்லை. படகுத்துறை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, எந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் அடுத்த கடிதத்திலேயே எழுது. அந்தக் குறிப்பை முதலில் சரிசெய்வோம்.

அன்புடன்,
உன் நண்பன்