மழைமானிப் போத்தலும் அணு உலையும்

அன்புள்ள செல்வா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, கோபிக்காதே மச்சான். எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். பெரிய கங்காணி வீட்டுச் சின்னவன் ஒருவழியாகக் கல்யாணம் முடித்துவிட்டான். பந்தயத்தில் நீ தோற்றாய், முட்டை ரொட்டிக் கடனை மறந்துவிடாதே.

இப்போது எழுதக் காரணம் மகள். பேராதனையில் பௌதிகவியல் முடிக்கப்போகிறாள். அணு உலைப் பாதுகாப்பைத்தான் ஆராயப் போகிறாளாம். இங்கே இலங்கையிலும் அணுமின் நிலையம் பற்றிப் பேச்சு அடிபடுகிறது அல்லவா? "அதையெல்லாம் உலையை விற்கிறவன் பார்த்துக்கொள்வான், பிள்ளை" என்றேன். அதற்கு அவள் சொன்ன கதை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

1977 செப்டம்பரில், அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ் உலையில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொண்டு, உலையைக் குளிர வைக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. ஆனாலும் நீர் நிறைய இருப்பதாகக் கருவி காட்டியதால் அவசரக் குளிர்நீரை நிறுத்திவிட்டார்கள். உலை குறைந்த சக்தியில் ஓடியது, பிழையையும் சீக்கிரம் பிடித்தார்கள், தப்பியது. உலையைச் செய்த கம்பனியின் பொறியியலாளர் ஒருவரே எழுதி எச்சரித்தார். அது மேசைக்கு மேசை நகர்ந்ததே தவிர, அதே வகை உலைகளை ஓட்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை. 18 மாதம் கழித்து, 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் இன்னொரு அணுமின் நிலையமான திரீ மைல் ஐலண்டில் அதே மாதிரி வால்வு, அதே தவறான கணிப்பு. உலைக்கருவில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது.

விற்கிறவன் தன் சரக்கின் ஓட்டையைத் தேடச் செலவழிப்பானா? அது அரசாங்கம் வரிப்பணத்தில் செய்யவேண்டிய வேலை. அதிலும் எதை ஆராய்வது என்பது பெரிய கேள்வி. அமெரிக்காவில் அப்போதே கண்காணிப்பு ஆணைக்குழுவுக்கென்று ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. ஆனால் கவனமெல்லாம் பெரிய குழாய் வெடிப்பதில்தான். சின்னக் கசிவைச் சரியாகப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்கச் சட்டம், அணுசக்தியை வளர்க்கிற சபையையும் ஒழுங்குபடுத்துகிற சபையையும் தனித்தனியாக்கியது. நல்லது. ஆனால் ஒழுங்குபடுத்துகிற சபைக்குச் சொந்த ஆய்வுகூடமும், விற்கிறவனைக் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆட்களும் வேண்டாமா? அதற்கான காசை முதலில் ஒதுக்கிவிட்டு அப்புறம் உலை பற்றிப் பேசட்டும்.

அதே 2014 ஒக்டோபர் 29-இல்தான் மீரியபெத்தையில் மலை சரிந்தது. அங்கிருந்த தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு ஆபத்தென்று முன்பே எச்சரித்திருந்தார்கள், செல்வா. சனம் அங்கேயேதான் இருந்தது.

நம் லயத்துக்கு மேலேயும் மண்சரிவு ஆபத்தை அறிய மழையை அளக்கிற மழைமானி ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியாது; நான்தான் பார்க்கிறேன். போன மாதம் போத்தலின் அடியில் வெடிப்பு விழுந்தது. இரண்டு முறை எழுதினேன், பணம் ஒதுக்கவில்லை என்று பதில். டேப் சுற்றி ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் ஆறு மணிக்குப் பார்க்கிறேன், அதற்குள் எவ்வளவு ஒழுகியது என்று யாருக்குத் தெரியும்?

வள்ளியூரிலிருந்து கூடங்குளம் பக்கம்தானே. ஆயிரம் மெகாவாட் உலைகள் ஓடுகின்றனவே, அவசரத்தில் எந்தப் பாதையில் போகவேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்தார்களா? மகள் கேட்கச் சொன்னாள். கட்டாயம் எழுது.

உன்,
மணியம்
நோர்வூட்