கிட்னி குடுத்த அக்காவுக்கும், கல்யாண போட்டோ நெகட்டிவ் தேடிக் குடுத்த ஐயாவுக்கும்

கிட்னி மாத்தின என் வீட்டுக்காரருக்கு யூரின் நல்லா போகுது, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பாக்குற கிரியாட்டினின் இறங்கிட்டே வருது. நானும் எந்திரிச்சு நடக்குறேன், இருமினா மட்டும் தையல் போட்ட எடம் சுள்ளுனு இழுக்குது. ஆளாளுக்கு போன் பண்ணி கேட்டுட்டே இருக்கீங்க, தனித்தனியா பேச தெம்பு இல்ல, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

அவர் ஏ க்ரூப், நான் பி, அதனால என் கிட்னி அவருக்கு சேராது. நாத்தனாருக்கு சுகர், மாமியாருக்கு வயசு. முன்ன பின்ன தெரியாதவங்க வந்து குடுக்குறேன்னாலும் நம்ம சட்டம் லேசுல விடாது, காசு கைமாறிடக் கூடாதுன்னு அவ்வளவு கெடுபிடி, அது நியாயம்தான். 2011ல சட்டத்தை திருத்தினப்போ ஸ்வாப்புக்கு வழி விட்டிருக்காங்க, அதாவது என் கிட்னி எங்கள மாதிரியே க்ரூப் சேராத இன்னொரு வீட்டு அண்ணனுக்கு, அவர் சம்சாரம் அந்த அக்காவோட கிட்னி இவருக்கு, ரெண்டு ஆபரேஷனும் ஒரே நாள்ல. சொல்றதுக்கு ஈசி, ஆனா நமக்கு நேர்மாறா க்ரூப் இருக்குற புருஷன் பொண்டாட்டிய எங்க போய் புடிக்கிறது? புடிச்சது நாங்க இல்ல, நீங்கதான். டயாலிசிஸ் டெக்னீஷியன் தம்பிங்க, பக்கத்து பெட் பெரியவரோட மகன், வேற சென்டர்ல கேட்டுச் சொன்ன நர்ஸம்மா, எங்கள யாருன்னே தெரியாம மெசேஜ ஃபார்வேர்ட் பண்ணவங்க, எல்லாருக்கும் கை எடுத்து கும்பிடுறேன். அந்த அக்காவுக்கு நன்றின்னு ஒரு வார்த்தைல சொன்னா அது அவங்கள சின்னதாக்குற மாதிரி இருக்கு, அவங்களும் என்கிட்ட சொல்லல, ரெண்டு பேரும் வீல்சேர்ல பாத்துகிட்டு சிரிச்சோம், அவ்ளோதான்.

ஆனா நெகட்டிவ் தேடிக் குடுத்த அந்த ஐயாவ பத்தி நான் எழுதியே ஆகணும். ஆபரேஷனுக்கு அனுமதி குடுக்குற கமிட்டிக்கு நாங்க புருஷன் பொண்டாட்டின்னு நிரூபிக்கணும். பையன் பர்த் சர்டிபிகேட், ரேஷன் கார்டு எல்லாம் இருக்கு, கல்யாண போட்டோவும் வேணும்னாங்க. எங்களுக்கு 2003ல மன்னார்குடியில கல்யாணம், அப்ப யாரு ரெஜிஸ்டர் பண்ணா? ஆல்பம் 2015 வெள்ளத்துல முடிச்சூர் வீட்டுலயே ஊறி கூழாயிடுச்சு. சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு போட்டோ எடுத்த ஸ்டுடியோக்காரர் நம்பர தேடிக் குடுத்தான். கடைய மூடி வருஷக்கணக்காச்சு, வீட்டோட இருக்காராம். விஷயத்த சொன்னேன், "பாக்குறேம்மா"ன்னு வச்சுட்டார். அவ்ளோதான்னு நெனச்சேன்.

ராத்திரி வாட்ஸப்புல ஒரு படம் வருது. நெகட்டிவ டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சு போன்ல எடுத்திருக்கார், நானும் அவரும் மாலையோட பேய் மாதிரி நிக்கிறோம்! பரண்ல இருந்த பிஸ்கட் டின்னெல்லாம் இறக்கி ஒவ்வொரு கவரா பாத்திருக்கார், அந்த வயசுல. மறுநாள் தஞ்சாவூர் போய் ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டு, ஆம்னி பஸ் டிரைவர்கிட்ட குடுத்து விட்டு, "விடியக்காலைல பெருங்களத்தூர்ல வாங்கிக்கம்மா"ன்னார். பழைய நெகட்டிவ் எல்லாத்தையும் எப்பவோ தூக்கி போட்டாராம், எங்களுது மட்டும் ஏன் வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "உங்கப்பா 1,800 ரூபா பாக்கி வச்சிருந்தார்மா, பாக்கி இருக்குற கவர மட்டும் நான் தொடல."

எங்கப்பா யார்கிட்டதான் பாக்கி வைக்கல! உயிரோட இருந்தவரைக்கும் அதுக்காக அவரோட சண்டை போட்டிருக்கேன். இப்ப அந்த பாக்கிதான் கமிட்டி ஃபைல்ல உக்காந்திருக்கு.

உடனே ஜிபே பண்றேன் ஐயான்னேன், வாங்கல. பிரிண்ட் போட்ட காசு, பஸ் சார்ஜ் எதுவும் வாங்கல. "அது உங்கப்பா கணக்கு, ஆபரேஷன் முடிஞ்சு ஜோடியா வந்து குடுங்க"ன்னு வச்சுட்டார்.

கிட்னிய உடம்பு தள்ளிடாம இருக்க மாத்திரை போறதால இன்ஃபெக்ஷன் பயம், இவர் இப்போதைக்கு கூட்டத்துக்கு போகக் கூடாது, பஸ் பயணமும் கிடையாது. டாக்டர் சரின்னு சொன்னதும் மொத பயணம் மன்னார்குடிக்குதான். மாமியார் பழனிக்கு வேண்டிக்கிட்டு மொத அங்கதான் போகணும்ங்கறாங்க. முருகன் கொஞ்சம் வெயிட் பண்ணட்டும், அவருக்கு நாங்க பாக்கி வச்சு ரொம்ப நாள் ஆகல.