எல்லா கேமும் ரம்மி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் கேம் பற்றி எழுதும் வாசகர்கள் பலரும் ஆன்லைன் ரம்மியையும் பிள்ளைகளின் மைன்கிராஃப்ட்டையும் ஒன்றாகச் சேர்த்தே திட்டுகிறார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் நிறைவேற்றிவிட்டது, சரியான வேலை, அந்தக் கோபம் அதோடு நிற்கட்டும்.

நான் புரோகிராமர். வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் லுவான்டி என்ற இலவச விளையாட்டு இருக்கிறது (முன்பு மைன்டெஸ்ட், 2024இல்தான் பெயர் மாறியது). மைன்கிராஃப்ட் மாதிரியே கட்டைகளை அடுக்கி வீடு கட்டலாம், ஆனால் இதன் மூல நிரல் (விளையாட்டை இயக்கும் கட்டளைகள்) யாரும் பார்த்து மாற்றும்படி திறந்தே கிடக்கிறது, லுவா என்ற நிரல் மொழியில் நாலைந்து வரி எழுதினால் புதுக் கட்டை ஒன்றை நாமே சேர்த்துவிடலாம். என் மகளுக்கு மஞ்சள் இட்லிக் கட்டை வேண்டுமாம்! படத்தை அவள் வரைந்தாள், நிரலை நான் எழுதினேன், "இட்லி என்னைக்குடி மஞ்சளா இருந்துச்சு?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் இருக்கிறது, கட்டளைத் துண்டுகளை இழுத்து ஒட்டியே பிள்ளைகள் நிரல் எழுதலாம், அதுவும் இலவசம். அரசுப் பள்ளி ஹைடெக் லேப்களில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் என்ன? உங்கள் சிறுவர் பக்கத்திலும் எழுதுங்களேன்.

- ஒரு வாசகர், தாம்பரம்